சாலை இல்லாத ஊருக்கு வான்கப்பலில் சரக்கு: எவ்வளவு நம்பலாம்?

மலைக்கிராமங்களில் பயிற்சி முகாம் முடியும்போது எனக்கு வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "விளைய வைக்கிறது சரி சார், கீழே கொண்டுபோறது எப்படி?" சென்ற பருவத்தில் அதே கேள்வி வேறு வடிவத்தில் வந்தது. ஒரு விவசாயி செல்போனை நீட்டி ஒரு காணொளியைக் காட்டினார். திமிங்கிலம்போல் உப்பிய வெள்ளை ஊர்தி ஒன்று பனி மூடிய ஏரியில் மெதுவாக இறங்குகிறது. வயிற்றுக் கதவு திறக்கிறது. பெட்டி பெட்டியாகச் சரக்கு வெளியே வருகிறது. "இதுக்கு ரோடே வேண்டாமாம் சார். வந்துட்டா எங்க வாழைத்தாரை நேரா மார்க்கெட்டுக்கே அனுப்பிடலாம்ல?"

அது கணினியில் வரைந்த படம் என்று சொன்னேன். அவருக்கு ஏமாற்றம். எனக்குக் கவலை தந்தது வேறு. மழைக்கு முன்னால் குதிரைப் பாதையைச் சீர்செய்ய, வீட்டுக்கு இவ்வளவு என்று அந்த ஊரில் பணம் வசூலித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் ரெண்டு வருஷத்துல இதெல்லாம் வந்துடும், பாதைக்கு எதுக்குக் காசு?" என்று சிலர் பின்வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.

வான்கப்பல் கட்டுக்கதை அல்ல. நல்ல பொறியாளர்கள் பல ஆண்டுகளாக உழைத்துவரும் தொழில்நுட்பம். அது எப்படி இயங்குகிறது, எந்த ஊருக்குப் பொருந்தும், எதனால் இன்னும் வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், உங்கள் ஊர்ப் பாதைக்குப் பணம் போடலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கலப்பு வான்கப்பல் என்றால் என்ன?

ஹைபிரிட் என்றதும் நமக்கு வீரிய ஒட்டு விதைதான் நினைவுக்கு வரும். இங்கேயும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். மூன்று ஊர்திகளின் குணங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். முதலாவது பலூன். காற்றைவிட லேசான ஹீலியம் வாயு நிரம்பிய பை, எடையின் பெரும்பகுதியைச் சும்மா தாங்குகிறது. இரண்டாவது விமானம். உடலைத் தட்டையாக, இறக்கையின் வளைவோடு அமைத்திருப்பதால், முன்னோக்கி ஓடும்போது காற்று அதை மேலே தூக்குகிறது. மூன்றாவது ஹோவர்கிராஃப்ட் எனப்படும் காற்று மெத்தை ஊர்தி. சில வடிவமைப்புகளில் சக்கரத்துக்குப் பதில் அடியில் காற்று மெத்தைகள் இருக்கும். புல்வெளி, பனி, சரளைத் தரை, தண்ணீர் எதிலும் இறங்கலாம். இறங்கிய பிறகு காற்றை உள்ளே உறிஞ்சி, தரையைப் பல்லிபோல் பற்றிக்கொள்ளும்.

பழைய வான்கப்பல்கள் முழுக்க முழுக்க வாயுவால் மிதந்தவை. 1937 மே 6-ம் தேதி அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் 245 மீட்டர் நீளம். உள்ளே இருந்தது ஹைட்ரஜன். அந்த விபத்தில் 36 பேர் இறந்தார்கள். இன்றைய கப்பல்களில் இருப்பது தீப்பிடிக்காத ஹீலியம். ஆகவே "எரிந்துவிடாதா சார்?" என்ற பயம் தேவையில்லை. பயப்பட வேண்டியது காற்றுக்கும் கணக்குக்கும்தான்.

ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோ

ஒரு கன மீட்டர் ஹீலியம், கடல்மட்டத்தில், ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கும். நினைவில் வைக்க எளிதான கணக்கு. இதைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த விளம்பரத்தையும் எடைபோட்டுவிடலாம்.

பிரிட்டனில் ஹைபிரிட் ஏர் வெஹிக்கிள்ஸ் நிறுவனம் செய்த ஏர்லாண்டர் 10 என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 92 மீட்டர். ஜம்போ ஜெட் விமானத்தைவிடப் பெரியது. உள்ளே 38,000 கன மீட்டர் ஹீலியம். அப்படியானால் 38 டன் சரக்கு போகுமா? போகாது. மேலே ஏறும்போது வாயு விரிவதற்கு இடம் விட வேண்டும். உறையின் எடை, எஞ்சின் எடை, எரிபொருள், ஆட்கள் எல்லாம் கழிய வேண்டும். அது சுமக்கும் எடை 10 டன் என்று சொல்லப்பட்டது. நம் ஊர் ஆறு சக்கர லாரி ஒன்று ஏற்றும் அளவு. கால்பந்து மைதானம் அளவுக்கு உடல், ஒரு லாரி அளவுக்குச் சரக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சாலையே இல்லாத இடத்தில் ஒரு லாரி லோடு என்பது பெரிய விஷயம். ஒரு மட்டக்குதிரை 70 கிலோ சுமந்தால், 10 டன்னுக்கு 143 நடை.

தூக்குவதைவிட இறக்குவது கடினம்

இந்தத் துறையின் உண்மையான சிக்கல் இதுதான். காணொளிகளில் இதைக் காட்டமாட்டார்கள்.

லாரியிலிருந்து மூட்டையை இறக்கினால் லாரிக்கு ஒன்றும் ஆகாது. மிதக்கும் கப்பலிலிருந்து 20 டன்னை இறக்கினால், அடுத்த கணமே 20 டன் விசையோடு அது மேலே கிளம்பப் பார்க்கும். கிணற்றுக்குள் அமுக்கிப் பிடித்த காலிக் குடத்திலிருந்து கையை எடுத்ததுபோல. அதனால் இறக்கிய எடைக்குச் சமமாக வேறு எடையை ஏற்றியாக வேண்டும். பெரும்பாலும் தண்ணீர். போகிற ஊரில் தண்ணீர், அதை ஏற்ற பம்பு, உறையாமல் வைக்க ஏற்பாடு என்று எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஹீலியத்தைத் திறந்துவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் கட்டுப்படியாகாது. ஹீலியம் இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. அமெரிக்கா, கத்தார் போன்ற சில நாடுகளில்தான் பெருமளவு கிடைக்கிறது. நடைக்கு நடை அதைக் காற்றில் விட்டால் எந்த வாடகையும் போதாது.

கலப்பு வடிவம் வந்ததே இதற்காகத்தான். ஒரு உதாரணம் பார்ப்போம். சரக்கோடு 50 டன், சரக்கில்லாமல் 30 டன் எடையுள்ள கப்பல். 30 டன்னை மட்டும் ஹீலியம் தாங்கும்படி பையை அமைக்கிறார்கள். மீதி 20 டன்னை, ஓடும் வேகத்தில் உடலின் வடிவமும் எஞ்சினும் தூக்குகின்றன. தரையில் சரக்கை இறக்கியதும் கப்பல் எடையற்று நிற்குமே தவிர, மேலே பாயாது. உண்மையான வடிவமைப்புகளில் மொத்த எடையில் 60 முதல் 80 சதவீதம் வரை ஹீலியமும் மீதியைக் காற்று விசையும் தாங்குகின்றன.

இதற்கு ஒரு விலை உண்டு. ஓடினால்தான் தூக்கும் என்றால், ஓட இடம் வேண்டும். சாலை வேண்டாம், விமான ஓடுதளம் வேண்டாம், சரி. ஆனால் மரமில்லாத, மேடு பள்ளமில்லாத, நீண்ட திறந்த வெளி வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்த ஊர்தி யாருக்கு என்பது முடிவாகும்.

கனடாவின் வடக்கு: இந்தக் கனவு பிறந்த இடம்

கனடாவின் மானிடோபா, ஒன்டாரியோ மாகாணங்களின் வடபகுதியில் பூர்வகுடி மக்களின் ஊர்கள் பல இருக்கின்றன. ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய சாலை அவற்றுக்குக் கிடையாது. ஏரியும் சதுப்பும் கலந்த நிலம். சாலை போடுவது மிகக் கடினம். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் அந்தப் பனிக்கட்டியின் மேலேயே லாரிகள் ஓடும். இதைக் குளிர்காலச் சாலை என்கிறார்கள். மானிடோபாவில் மட்டும் இப்படிச் சுமார் 2,200 கி.மீ. சாலையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போட்டு, ஒவ்வோர் ஆண்டும் கரைந்துபோக விடுகிறார்கள். அதை நம்பி 30,000-க்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள்.

வழக்கமாக ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை, ஆறு முதல் எட்டு வாரம். அதற்குள் ஆண்டு முழுமைக்குமான டீசல், சிமென்ட், மரம், மாவு எல்லாம் போய்ச் சேர வேண்டும். முழு லோடு லாரி போக ஏரியின் பனிக்கட்டி ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமனுக்கு உறைந்திருக்க வேண்டும். குளிர்காலம் சூடாகிக்கொண்டே வருவதால் இந்த வாரங்கள் குறைகின்றன. 2024-ல் குளிர் தாமதமாக வந்து, வட ஒன்டாரியோவின் பூர்வகுடித் தலைவர்கள் குளிர்காலச் சாலை விஷயத்தில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது.

மற்ற மாதங்களில் சிறு விமானம்தான். பால், கீரை, ஆப்பிள் எல்லாம் விமானத்தில் வருவதால் தென்பகுதி நகரங்களைப்போல இரு மடங்கு விலை சாதாரணம். சில பொருள்கள் இன்னும் அதிகம். 2011 முதல் நியூட்ரிஷன் நார்த் கனடா என்ற திட்டத்தில் அரசு அங்கே போகும் உணவுக்கு மானியம் தருகிறது. அப்படியும் காய்கறி கைக்கெட்டாத விலைதான்.

மானிடோபா பல்கலைக்கழகத்தின் போக்குவரத்துப் பொருளியல் பேராசிரியர் பேரி பிரென்டிஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே விஷயத்தைச் சொல்லிவருகிறார்: இந்த ஊர்களுக்கு வான்கப்பல்தான் வழி. அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அங்கே இறங்க ஏரி இருக்கிறது. கோடையில் தண்ணீராக, குளிரில் பனிக்கட்டியாக, எப்படியும் சமதளம். உயரம் குறைவு. மாற்றுவழியோ மிக விலை உயர்ந்தது. ஒரு புதிய ஊர்தி காலூன்ற இதைவிடப் பொருத்தமான இடம் உலகில் குறைவு.

அங்கேயும் சிக்கல்கள் உண்டு. பனி மேலே படிந்தால் என்ன ஆகும்? கப்பலின் மேல்பரப்பு 2,500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 2 கிலோ பனி ஒட்டினாலும் 5 டன். 10 டன் சுமக்கும் கப்பலில் பாதிச் சரக்கு பனிக்கே போய்விடும். நிறுத்திவைக்க இவ்வளவு பெரிய கொட்டகை வேண்டும். அடுத்தது எதிர்க்காற்று. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கப்பல் 500 கி.மீ. தூரத்தை 5 மணி நேரத்தில் கடக்கும். எதிரே 40 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால் 8 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஜெட் விமானத்துக்கு இது உறைக்காது. மெதுவாகப் போகும் ஊர்திக்குக் காற்றுதான் எஜமான்.

இதுவரை என்ன நடந்திருக்கிறது?

அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் 2006 ஜனவரியில் பி-791 என்ற சோதனைக் கலப்பு வான்கப்பலைப் பறக்கவிட்டது. அது நன்றாகவே பறந்தது. அதைப் பெரிதாக்கி 20 டன் சுமக்கும் எல்.எம்.எச்-1 என்ற கப்பலை விற்க முன்வந்தார்கள். 2016-ல் ஸ்ட்ரெய்ட்லைன் ஏவியேஷன் என்ற நிறுவனம் 12 கப்பல்கள் வாங்க விருப்பக் கடிதம் கொடுத்தது. மதிப்பு சுமார் 48 கோடி டாலர். கியூபெக்கின் வடகோடியில் இருந்த ஒரு கனிமச் சுரங்கத் திட்டத்தோடு ஒப்பந்தமும் பேசப்பட்டது. 2018-ல் முதல் கப்பல் வரும் என்றார்கள். வரவில்லை. 2023-ல் லாக்ஹீட் இந்தத் தொழில்நுட்பத்தையே ஏ.டி.ஸ்கொயர் ஏரோஸ்பேஸ் என்ற புதிய நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது. விருப்பக் கடிதம் வேறு, விற்பனைப் பத்திரம் வேறு. நிலம் வாங்குகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏர்லாண்டரின் கதையும் இதுபோலத்தான். முதலில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்து 2012-ல் பறந்தது. மறு ஆண்டே திட்டம் ரத்து. பிரிட்டனின் கார்டிங்டனுக்குக் கொண்டுவந்து 2016 ஆகஸ்ட் 17-ல் மீண்டும் பறக்கவிட்டார்கள். ஒரு வாரத்தில் மூக்கு தரையில் மோதிச் சேதம். 2017 நவம்பரில் நிறுத்தக் கம்பத்திலிருந்து அவிழ்ந்துகொண்டது. பறந்துபோகாமலிருக்கப் பாதுகாப்பு ஏற்பாடு தானாகவே உறையைக் கிழித்து வாயுவை வெளியேற்றியது. கப்பல் அதோடு முடிந்தது. இந்த இரண்டு சேதங்களும் தரையிலோ தரைக்கு மிக அருகிலோ நடந்தவை என்பதைக் கவனியுங்கள். வான்கப்பலுக்கு ஆபத்தான இடம் பெரும்பாலும் நிலம்தான். (இதே கார்டிங்டனிலிருந்துதான் 1930-ல் ஆர்-101 என்ற வான்கப்பல் அன்றைய இந்தியாவின் கராச்சிக்குக் கிளம்பியது. பிரான்ஸிலேயே விழுந்து 48 பேர் இறந்தார்கள். கராச்சியில் அதற்காகக் கட்டிவைத்த பெருங்கொட்டகை கடைசிவரை அதைப் பார்க்கவே இல்லை.)

ஜெர்மனியின் கார்கோலிஃப்டர் இன்னும் பாடமான கதை. 160 டன் தூக்கும் கப்பல் செய்யப்போவதாகச் சொல்லி 1996-ல் தொடங்கினார்கள். பல்லாயிரம் சிறு முதலீட்டாளர்கள் பங்கு வாங்கினார்கள். 360 மீட்டர் நீளம், 107 மீட்டர் உயரத்தில் கொட்டகையும் கட்டியாயிற்று. கப்பலைக் கட்டுவதற்குள் 2002-ல் திவால். அந்தக் கொட்டகை இன்று உள்ளரங்க நீச்சல் உல்லாசப் பூங்கா. வெளியே பனி பெய்தாலும் உள்ளே வெப்பமண்டலக் காடு வளர்த்து, பனைவகை மரங்களெல்லாம் வைத்திருக்கிறார்கள். பசுமைக்குடில் தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ளவர்கள் அதன் படங்களைத் தேடிப் பார்க்கலாம்.

பிரான்ஸின் ஃப்ளையிங் வேல்ஸ் நிறுவனம் வேறு வழியில் போகிறது. 200 மீட்டர் நீளம், 60 டன் சுமை. இது கலப்பு அல்ல, முழுவதும் மிதக்கும் வகை. இறங்காமல் அந்தரத்தில் நின்றபடியே கயிற்றால் சரக்கை ஏற்றி இறக்கும் திட்டம். அது தொடங்கியதே பிரெஞ்சு வனத்துறை நிறுவனம் மலைக்காட்டு மரங்களைச் சாலை போடாமல் வெளியே கொண்டுவர வழி கேட்டதால்தான். கியூபெக் அரசும் இதில் பணம் போட்டிருக்கிறது. இதுவும் இன்னும் வேலைக்கு வரவில்லை.

இந்தக் கட்டுரை எழுதும் நாள்வரை, வாடகை வாங்கிக்கொண்டு வழக்கமாகச் சரக்கு ஏற்றிச்செல்லும் கலப்பு வான்கப்பல் உலகில் எங்கும் இல்லை. யாராவது உங்களிடம் முன்பதிவு, ஏஜென்சி, பங்கு என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒருவேளை வந்தால் விளைபொருளுக்கு நல்லதா?

நல்லதுதான். குலுக்கல் குறைவு. தக்காளி, வாழை போன்றவற்றில் சாலைப் பயணத்தில் வரும் அடிபட்ட சேதம் பெருமளவு தவிரும். தாழ்வாகப் பறப்பதால் காற்றழுத்த மாற்றமும் பெரிதில்லை. வெப்பநிலைதான் முக்கியம். உருளைக்கிழங்கு சுமார் மைனஸ் 1 டிகிரியில் உறையத் தொடங்கிவிடும். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனாலே தோல் கருத்துவிடும். மைனஸ் 30 டிகிரி வானில் போகும் கப்பலுக்குச் சூடாக்கிய சரக்கறை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைத்தாலும் சிக்கல். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் கேரட்டைக் கசக்க வைக்கும், கீரையைப் பழுக்க வைக்கும்.

இதைவிடப் பெரிய கேள்வி, கப்பல் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பது. 40 வீடுகள் உள்ள ஊர், வீட்டுக்கு வாரம் 150 கிலோ காய் என்றால் வாரத்துக்கு 6 டன். 20 டன் கப்பல் நிரம்ப 23 நாள். பீன்ஸ் 23 நாள் காத்திருக்குமா? பூண்டு காத்திருக்கும், காபி காத்திருக்கும், மிளகு காத்திருக்கும். காய்கறிக்குக் குளிர்பதனக் கிடங்கு வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். பெரிய ஊர்தி அரிதாக வருவதைவிடச் சிறிய ஊர்தி அடிக்கடி வருவதே அழுகும் பொருளுக்கு நல்லது. மானிடோபாவின் கார்டன் ஹில் என்ற ஊரில் மீச்சிம் என்ற சமூகப் பண்ணை தொடங்கிக் காய்கறியும் கோழியும் அங்கேயே வளர்க்கப் பார்த்ததும் இந்தக் கணக்கால்தான். அழுகுவதை ஊரிலேயே விளைவித்தால், போக்குவரத்தை அழுகாத சரக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம் மலைகளுக்கு ஏன் பொருந்தாது?

முதல் காரணம் உயரம். கடல்மட்டத்தில் 30 டன் தூக்கும் ஒரு பை, அதன் சொந்த எடை 20 டன், சரக்கு 10 டன் என்று கொள்வோம். 2,000 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரத்தில், காற்றின் அடர்த்தி சுமார் 18 சதவீதம் குறைவு. தூக்குதிறன் 24.6 டன்னாகிவிடும். கப்பலின் சொந்த எடை குறையாது. ஆகவே சரக்குக்கு மிஞ்சுவது 4.6 டன். தூக்குதிறனில் 18 சதவீதம் குறைந்தால் சரக்கில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

இரண்டாவது, சரிவு. கீழ்ப்பழனி மலையிலோ சிறுமலையிலோ 92 மீட்டர் நீளக் கப்பல் இறங்கி ஓடும் சமதளம் எங்கே? இருக்கிற சமதளமெல்லாம் உங்கள் தோட்டம். மூன்றாவது, பள்ளத்தாக்குக் காற்று. காலையில் மேலேறும், மாலையில் கீழிறங்கும், தென்மேற்குப் பருவத்தில் நேரம் காலமே கிடையாது. கனடாவின் ஏரிக்குப் பொருந்துகிற ஊர்தி நம் மலைச்சரிவுக்குப் பொருந்தாததில் ஆச்சரியம் இல்லை. சமவெளி டிராக்டரை மலைக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது செய்யக்கூடியவை

முதலில் எடை போடுங்கள். தோட்டத்தில் ஒரு முறை, பாதை முடிந்து வண்டி ஏற்றும் இடத்தில் ஒரு முறை. நசுங்கியது, வாடியது, கொட்டியது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். ஆண்டு மொத்தமாக எழுதாமல் மாதவாரியாக எழுதுங்கள். மேலே வரும் அரிசி, உரம், சிமென்ட் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். நான் பார்த்த ஊர்களில் இந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. கோரிக்கை மனு மட்டும் இருக்கிறது.

குதிரைதான் இப்போதைக்கு வழி என்றால் அதைச் சரியாக நடத்துங்கள். 1965-ம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோதான் உச்ச வரம்பு. ஒரே நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ச்சியாக 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முதுகுப் புண் வந்த குதிரையை அறுவடை உச்சத்தில் ஓய்வில் விட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது நிற்பது உங்கள் சரக்குதான். காயைச் சாக்கில் திணிக்காமல், இரு பக்கமும் சம எடையில் பிளாஸ்டிக் கிரேட்டில் கட்டினால் நசுங்கல் குறையும், முதுகும் தப்பும்.

சரிவை நீங்கள் சுமையாக நினைக்கிறீர்கள். நேபாளத்து விவசாயிகள் அதையே எஞ்சினாக்கியிருக்கிறார்கள். அங்கே புவியீர்ப்புக் கம்பிவடம் என்று ஓர் ஏற்பாடு. இரண்டு தட்டுகளை ஒரு கப்பிக் கயிற்றில் கோத்திருப்பார்கள். மேலிருந்து 120 கிலோ விளைபொருள் கீழே இறங்கும்போது, அதன் எடையே கீழிருந்து 40 கிலோ சரக்கை மேலே இழுத்துவிடும். மின்சாரமும் டீசலும் வேண்டாம். வேகத்தைக் கட்டுப்படுத்த பிரேக் பிடிக்க ஆள் வேண்டும். கீழே போவது அதிகம், மேலே வருவது குறைவு என்ற மலை விவசாயத்துக்கு இந்த மூன்றுக்கு ஒன்று கணக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. ஆனால் கம்பியின் வலிமை, தூண் அடித்தளம், பிரேக் மூன்றையும் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும். ஆட்கள் அதில் ஏறவே கூடாது. வனநிலத்துக்கு மேல் போகிறதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

சரக்கு ட்ரோன் பற்றியும் கேட்கிறீர்கள். 2024-ல் எவரெஸ்ட் முகாம்களுக்கிடையே ட்ரோன்கள் நடைக்குச் சுமார் 15 கிலோ குப்பையையும் பொருள்களையும் சுமந்தன. மருந்து, விதை, பால் மாதிரி கொண்டுபோக அருமையான கருவி. வாழைத்தாருக்கு இப்போதைக்குக் கணக்கு ஒத்துவராது.

பாதையை அகலப்படுத்துவதுதான் உங்கள் ஊரின் தேவை என்றால், வன உரிமைச் சட்டம் 2006-ன் பிரிவு 3(2)-ஐப் படித்துப் பாருங்கள். வனவாசி ஊர்களுக்கு அரசு செய்துதரும் 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தைப் பயன்படுத்த அது வழி தருகிறது. சாலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போடும்போது பாதையின் நீள அகலம், வெட்ட வேண்டியிருக்கும் மரங்களின் எண்ணிக்கை, நீங்கள் எழுதிவைத்த மாதவாரி எடைக் கணக்கு மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். அதுவரை குதிரைப் பாதைக்கான இந்த ஆண்டுப் பங்கைக் கட்டிவிடுங்கள். மழைக்கு முன்னால் வடிகால் எடுத்து, சரிந்த கல்படிகளை அடுக்கிவிட்டால் இந்தப் பருவத்துச் சரக்கு கீழே வந்துவிடும்.